மழை பார்த்த கம்பு: என் முதல் பூல் ஸ்டிக்

பூல் (pool) என்பது மேசைமேல் வெள்ளைப் பந்தைக் கம்பால் அடித்து, மற்ற பந்துகளை மேசையோரத்துக் குழிகளான பாக்கெட்டுகளில் விழ வைக்கும் ஆட்டம். பந்தைப் பால் என்போம், அடிக்கும் கம்பை ஸ்டிக் என்போம். மார்த்தாண்டத்தில் நான் விளையாடும் பூல் கிளப்பில் சுவரோரமாக ஏழு ஸ்டிக் நிற்கும். அதில் ஒன்றுக்குத்தான் போட்டி. அடிப்பக்கம் வெள்ளை டேப் சுற்றிய அந்த ஸ்டிக்கை எல்லாரும் ‘ஒண்ணாம் நம்பர்’ என்பார்கள். 6 மணிக்கு முன்னால் போனால் அது கிடைக்கும். நான் வேலை பார்ப்பது கருங்கல் என்ற ஊர்ப்பக்கம் ஒரு அண்டி ஆபீஸில். முந்திரி ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அன்றைய பருப்புக் கணக்கை முடித்து, பஸ் பிடித்து, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே இறங்கும்போது 6.30 தாண்டிவிடும். அதற்குள் பாலிடெக்னிக் பையன்கள் ஒண்ணாம் நம்பரை எடுத்திருப்பார்கள். மிச்சமிருப்பதில் ஒன்றுக்கு டிப், அதாவது முனையில் இருக்கும் தோல்துண்டு, தேய்ந்து மொட்டையாக இருக்கும். ஒன்று வில்லாக வளைந்திருக்கும். ஒன்று கையில் பிசுபிசுக்கும். இருப்பதில் தேவலாம் என்று தோன்றுவதை எடுத்துக்கொள்வேன்.

எட்டு மாதம் இப்படித்தான் விளையாடினேன். ஒரு நாள் நினைத்த பாலெல்லாம் விழும். மறுநாள் பாக்கெட் வாயில் நிற்கும் பால்கூட உள்ளே போகாது. தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம். ஏன் தோற்றோம் என்று தெரியாமல் வீட்டுக்குப் பஸ் ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது.

பால் அடுக்கி, நேரம் குறித்து, மேசைத் துணியைப் பிரஷ் போட்டுப் பார்த்துக்கொள்பவரை எந்த கிளப்பிலும் மார்க்கர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் மார்க்கர் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். பேச்சு குறைவு. ஒரு நாள் கடைசி ஆட்டம் முடிந்து நான் கம்பைச் சுவரில் சாத்தும்போது சொன்னார்: “மக்கா, ஒனக்க கை ஒண்ணும் மோசம் இல்ல. தினம் ஒரு கம்பு எடுத்தா கைக்கு என்ன தெரியும்? தப்பு ஒம்மேலயா, கம்புமேலயாண்ணு ஒனக்கே தெரியாதுல்லா?”

சொந்த ஸ்டிக் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடச் சரியான பதிலை நான் இன்றுவரை கேட்டதில்லை. சொந்த ஸ்டிக் வாங்கினால் உடனே நன்றாக ஆடிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது நமக்குத் தருவது வேறொன்று. ஒரே கம்பு, ஒரே எடை, ஒரே டிப் என்று ஆகிவிட்டால் அப்புறம் தப்பெல்லாம் நம்முடையதாகத்தான் இருக்க முடியும். நம்முடைய தப்பு என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? அந்த வேலைக்கு விலை உயர்ந்த கம்பு தேவையில்லை. நேராக இருக்க வேண்டும், இன்றைக்கு இருப்பதுபோல நாளைக்கும் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன் 1,190 ரூபாய் வீணாகப் போனது.

அண்ணன் சொன்ன அன்று ராத்திரியே போனில் தேடி ஆர்டர் போட்டுவிட்டேன். கருப்பும் சிவப்புமாகத் தீ எரிவதுபோல அடிக்கட்டையில் படம் போட்ட கம்பு. படத்தைப் பார்த்தேன், விலையைப் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. கிளப்புக்குக் கொண்டுபோனதும் அண்ணன் முனையைத் திருகினார். டிப் தனியாகக் கழன்று வந்தது. அடியில் ஒரு திருகாணி. அதாவது தோல் மரத்தோடு ஒட்டவில்லை, திருகு வைத்த ஒரு துண்டில் ஒட்டியிருந்தது. இப்படிப்பட்ட டிப் நான்கு அடி அடித்தால் தளரும், அடிக்கும்போது ‘டிக்’ என்று ஒரு வெற்றுச் சத்தம் வரும். நல்ல கம்பில் ஃபெரூல் என்ற வெள்ளை வளையத்தின்மேல் தோல் டிப் நேரடியாகப் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் பார்த்திருந்தாலே அன்று அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது தப்பு அதைவிடப் பெரிது. அந்தக் கம்பின் முனை ஸ்னூக்கர் ஸ்டிக்கின் அளவில் இருந்தது. ஸ்னூக்கர் பூலைப் போன்ற வேறொரு மேசை ஆட்டம். ஸ்னூக்கர் பாலின் விட்டம் 52.5 மில்லிமீட்டர், பூல் பால் 57.15. பூல் பால் பெரியது, எடையும் கூடுதல். அதனால் பூல் ஸ்டிக்கின் டிப் சுமார் 12.5 முதல் 13 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஸ்னூக்கர் ஸ்டிக்கில் 9 முதல் 10 தான். மெல்லிய முனையுள்ள கம்பால் பூல் ஆடக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பிரேக், அதாவது அடுக்கிய பால்களைச் சிதறடிக்கும் முதல் அடி, அடிக்கும்போது அந்த மெல்லிய முனைதான் அடி முழுவதையும் வாங்குகிறது. புதிதாகக் கற்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சின்ன டிப்பில் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பாலில் வேண்டாத சுழற்சி ஏறிவிடும். நம் ஊர் கிளப்புகளில் இரண்டு மேசையும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால் எல்லாம் ஒரே கம்பு என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதனால் வாங்கும் முன் முதலில் முடிவு செய்ய வேண்டியது, நான் எந்த மேசையில் அதிகம் ஆடப்போகிறேன் என்பதுதான். எனக்கு பூல், எட்டுப் பால் ஆட்டம். அந்த முடிவு வந்த பிறகு கடையில் கண்ட பாதிக் கம்புகளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

சரி, வாங்கியது வாங்கியாச்சு, பழகலாம் என்று வைத்துக்கொண்டேன். ஜூன் மாதம் மழை பிடித்தது. கம்பின் இரண்டு பாகத்தையும் கழற்றாமல், பூட்டியபடியே படுக்கையறைச் சுவரில் சாத்தி வைத்திருந்தேன். அது வடக்குச் சுவர், மழைக்காலத்தில் ஈரம் கோத்து நிற்கும். ஜூலையில் எடுத்துப் பார்த்தபோது கம்பு வளைந்திருந்தது.

பக்கத்து வீட்டு ஆசாரி மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தக்கலைக்காரர். கதவு, ஜன்னல், கூரை என்று நாற்பது வருடம் தேக்கும் அயினியும் பலாவும் இழைத்த கை. இப்போது வேலைக்குப் போவதில்லை. கம்பை வாங்கி, ஒரு கண்ணை மூடி, பலகை விளிம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மெதுவாக உருட்டினார். பிறகு ரேகையைக் காட்டினார். நல்ல கம்பில் மரத்தின் ரேகை முனையிலிருந்து அடிவரை கம்போடு சேர்ந்து நீளமாக ஓடும். என் கம்பில் ரேகை பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறிப் போயிருந்தது. “தடியக் கோணலா அறுத்திருக்கானுவ. நனைஞ்சா ஒரு பக்கம் வீங்கும், மறுபக்கம் வீங்காது. பின்ன வளையாம என்ன செய்யும்?” என்றார். கம்பின் ஒரு பக்கம் ஈரச் சுவரைப் பார்த்து நின்றதும் சேர்ந்துகொண்டது. மரம் ஈரத்தைக் குடித்தால் குறுக்குவாட்டில்தான் அதிகம் பெருக்கும். சமமாகப் பெருத்தால் பரவாயில்லை, ஒருபக்கமாகப் பெருத்தால் வளைவுதான்.

மாமா சொன்ன இன்னொரு வார்த்தைதான் என் தேடலையே மாற்றியது. “புதுத் தடிய நம்பாத மக்கா. மழ பாத்த தடிய நம்பு.” பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் தாய்க்கொட்டாரம் என்ற பழைய பகுதியில் ஒற்றைப் பலாத்தடியில் செதுக்கிய தூண் ஒன்றைப் பார்க்கலாம். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மாமா எங்களையெல்லாம் சின்ன வயதில் அங்கே கூட்டிக்கொண்டுபோய் அந்தத் தூணைத்தான் முதலில் காட்டுவார். அது எத்தனை ஜூன் மழையையும், எங்கள் பேச்சில் இடவப்பாதியையும், ஐப்பசி மழையையும் பார்த்திருக்கும்! எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஒரு வருடத்தில் இரண்டு முறை ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும் இடம். இங்கே சில வருடம் இருந்து இன்னும் நேராக நிற்கும் கம்பு என்றால் அது ஏற்கெனவே பரீட்சை எழுதித் தேறிய கம்பு. பழைய கம்பைத் தேடலாம் என்ற எண்ணம் அன்றுதான் வந்தது.

ஆனால் எப்படிப்பட்ட கம்பு? எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு? கடைக்காரர்கள் 18 முதல் 21 அவுன்ஸ் வரை சொல்வார்கள். முதல் தடவை வாங்குபவருக்கு அந்த எண்கள் ஒன்றும் சொல்லாது. எனக்கு ஒரு வழி தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனிடம் கேட்டு ஒண்ணாம் நம்பரை வாங்கிக்கொண்டு போனேன். அண்டி ஆபீஸில் பருப்பு நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 538 கிராம். ஒரு அவுன்ஸ் 28.35 கிராம், ஆக 19 அவுன்ஸ். டேப் வைத்து அளந்தேன், 57½ அங்குலம். மெக்கானிக்கிடம் வெர்னியர் அளவுகோல் வாங்கி முனையைப் பிடித்தேன், 12.5 மில்லிமீட்டர். பிறகு விரலில் வைத்துத் தராசு முள்போல நிறுத்திப் பார்த்தேன். அடியிலிருந்து சுமார் 18 அங்குலத்தில் சமமாக நின்றது. நான்கு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

புதிதாக வாங்க நினைக்கும் யாருக்கும் இந்த ஒரு காரியத்தைச் செய்யச் சொல்வேன். கை எந்தக் கம்பை விரும்புகிறதோ அதை அளந்துகொள்ளுங்கள். மளிகைக்கடைத் தராசு போதும். எடையில் ஒரு அவுன்ஸ் அப்படி இப்படி இருந்தால் கவலை இல்லை, பல கம்புகளில் அடிப்பக்க ரப்பரைக் கழற்றினால் உள்ளே எடைக்கான போல்ட் இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். சமநிலைப் புள்ளி மட்டும் கைக்கு ஒத்து வர வேண்டும். முன்பக்கம் கனத்தால் பிடிக்கும் கை சோர்ந்துபோகும், பின்பக்கம் கனத்தால் முனை மேலே எழும்பும்.

சீட்டோடு மூன்று இடம் போனேன். நாகர்கோவிலில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் 1,800 ரூபாய்க்கு ஒரு புதுக் கம்பு. பளபளப்பு நன்றாக இருந்தது. இரண்டு பாகத்தையும் பூட்டி, அடிப்பக்கத்தைத் தரையில் மெதுவாகத் தட்டினேன். உள்ளே சின்னதாக ஒரு அதிர்வுச் சத்தம். மூட்டு சரியாக உட்காரவில்லை என்றாலோ எடை போல்ட் ஆடினாலோ அப்படிக் கேட்கும். மூட்டின் ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளியும் இருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் பார்த்தது நல்ல மேப்பிள் கம்பு, கையில் எடுத்ததுமே தெரிந்தது. விலை 6,500. என் சம்பளத்துக்கு அது அதிகம், தொடங்கும் நிலைக்கும் அது அதிகம். அங்கேயே கார்பன் ஃபைபர் கம்பும் காட்டினார்கள், விலையைக் கேட்டதும் நன்றி சொல்லிவிட்டேன். கார்பன் வளையாது, எங்கள் ஊர் ஈரத்துக்கு உண்மையிலேயே ஏற்றது. ஆனால் முதல் கம்புக்கு அவ்வளவு பணத்தைப் போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பணத்தில் எத்தனை மணி நேரம் மேசையில் ஆடலாம்!

மூன்றாவது குளச்சலில். மார்க்கர் அண்ணன் வழியாகத் தெரிந்தது. கல்ஃபுக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி, தன் கம்பை விற்க வேண்டும் என்றான். மூன்று வருடம் முன்னால் வாங்கியது. அவன் வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். அவ்வளவு பக்கத்தில் கடல். மூன்று வருடம் என்றால் ஆறு மழைக்காலம், அதோடு உப்புக்காற்று. மாமா சொன்னது மனதில் ஓடியது.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை கண்ணாடி போட்டது. சோதிக்க அதைவிட நல்ல தளம் கிடைக்காது, கண்ணாடி சமமாக இருக்கும். முதலில் முன்பாகத்தை மட்டும் உருட்டினேன், அப்புறம் பூட்டி உருட்டினேன். இதில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பு முனையை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால், நேரான கம்பிலும் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் தெரிகிறதே என்று ஒதுக்கிவிட வேண்டாம். உருளும்போது அந்த வெளிச்ச இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா, கூடிக் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கூடிக் குறைந்தால் வளைவு. முன்பாகம் தனியாக நேராக உருண்டு, பூட்டிய பிறகு குதித்தால் கோளாறு மூட்டில் இருக்கிறது. குளச்சல் கம்பில் இரண்டும் சீராக இருந்தன. ரேகையும் நீளமாக ஓடியது. தட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. மூட்டில் நகம் நுழையவில்லை.

குறையும் இருந்தது. முன்பாகத்தில் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சின்னப் பள்ளம். கைப்பிடியில் சுற்றிய நூல் நிறம் மங்கியிருந்தது. டிப் ஓரமெல்லாம் பிதுங்கிக் காளான் குடைபோல விரிந்து, 2 மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை. பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஈரத்துணியை அந்த இடத்தில் மட்டும் வைத்து லேசாகச் சூடு காட்டினால் அமுங்கிய இழை மேலே எழும்பும் என்று ஆசாரி மாமா சொல்லித் தந்திருந்தார். டிப் எப்படியும் மாற்றும் பொருள். தம்பி 2,400 சொன்னான். இந்தக் குறைகளைச் சொல்லி 2,200க்கு முடித்தோம். அவன் அம்மா சாயாவும் நேந்திரங்காய் வற்றலும் தந்தார்கள். புறப்படும்போது தம்பி கம்பை ஒரு தடவை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “நல்லா பாத்துக்கோங்க அண்ணா” என்றான். திரும்பும் வழியில் பஸ்ஸில் கண்டக்டர், தூண்டிலா என்று கேட்டார்.

டிப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் குறைந்த பணத்தில் அதிகப் பலன் தருவது அதுதான். கம்பு முழுவதிலும் பாலைத் தொடுவது அந்த ஒரு சிறு தோல்துண்டு மட்டும். தொடும் நேரமோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மேங்கோ என்ற ராணுவ கேப்டன் கம்பு முனையில் தோல் டிப்பைக் கொண்டுவந்து, பாலைச் சுழல வைத்துக் காட்டினார். அதற்கு முன் வெறும் மரமுனைதான், ஓரத்தில் அடித்தால் வழுக்கிவிடும். 20,000 ரூபாய்க் கம்பாக இருந்தாலும் டிப் மொட்டை என்றால் அந்தப் பழைய மரமுனைபோலத்தான் அடிக்கும்.

மார்க்கர் அண்ணன் எல்க் மாஸ்டர் டிப் போட்டுத் தந்தார். நீல நிறத்தில் இருக்கும், மென்மையான வகை, விலை குறைவு. கடினமான டிப் நீண்ட நாள் உழைக்கும், பிரேக்குக்கு நல்லது, ஆனால் சாக், அதாவது வழுக்காமல் இருக்க டிப்பில் தடவும் தூள்கட்டி, சரியாகப் பிடிக்காவிட்டால் வழுக்கும். மென்மையானது சாக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் சீக்கிரம் அமுங்கிப் பிதுங்கும். பழகுபவர்களுக்கு மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் ஏதாவது ஒன்று சரியாக இருக்கும். பழைய டிப்பைச் சீவி எடுத்து, ஃபெரூல் முகத்தைச் சமமாகத் தேய்த்து, பசையிட்டு அழுத்தி, ஒரு ராத்திரி விட்டார். மறுநாள் ஓரத்தை ஃபெரூலோடு சமமாகச் சீவி, உப்புத்தாளால் மேல்பக்கத்தை வளைவாக்கினார். வளைவு சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். டிப்பின் வளைவும் நாணயத்தின் விளிம்பும் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும். தட்டையான டிப்பில் நடுவைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் விளிம்புதான் பாலைத் தொடும், அதில்தான் வழுக்கல் வருகிறது.

சாக் போடுவதையும் அன்றுதான் சரியாகக் கற்றேன். சாக்கைக் குடைந்து திருகக் கூடாது. பெயின்ட் அடிப்பதுபோல மேலே மெல்லத் தடவ வேண்டும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால்.

என் கணக்கு இது: கம்பு 2,200. இரண்டு டிப்பும் போட்ட கூலியும் 180. துணி உறை 450. சாக் 60. மொத்தம் 2,890 ரூபாய். உறையை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், எங்கள் ஊரில் அது கம்பின் பாதி ஆயுள்.

வீட்டில் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பூல் கிளப் என்றால் பந்தயம் கட்டுகிற இடம் என்று அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. அந்தப் பயத்தை நான் தப்பு சொல்லமாட்டேன், பந்தயம் நடக்கும் இடங்களும் இருக்கின்றன, நான் அங்கே போவதில்லை. ஒரு நாள் உட்கார்ந்து சொன்னேன். ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் நடுவே பிறந்த விளையாட்டு, அதன் விதிகள் 1882இல் நம் ஊட்டி கிளப்பில்தான் எழுதப்பட்டன என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. 2025 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்ற செய்தி வந்தபோது அதையும் காட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்தார்கள். “இந்தப் பிள்ள கையில இருக்கியதும் ஒனக்க கம்பும் ஒண்ணா?” என்று கேட்டார்கள். இல்லம்மா, அது ஸ்னூக்கர், முனை மெல்லிசு என்றேன். இப்போது வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த வித்தியாசத்தை அம்மாவே சொல்கிறார்கள்.

கம்பு வந்த பிறகு முதல் இரண்டு வாரம் என் ஆட்டம் மோசமானது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை பழைய கம்புகளுக்கு ஏற்றபடி ஏதேதோ சரிக்கட்டல்களைக் கற்று வைத்திருந்தது, அதெல்லாம் உதிர நாள் ஆகும். பயந்து கம்பை மாற்றிவிடக் கூடாது. நான் கணக்குப்பிள்ளை, எழுதி வைப்பதுதான் என் வழக்கம். நேர் அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொன்றும் பாக்கெட்டின் இடப்பக்கம் போனதா, வலப்பக்கம் போனதா என்று நோட்டில் குறித்தேன். இரண்டு வாரத்தில் 64 தவறல். அதில் 51 இடப்பக்கம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாகக் கலங்கலாகக் கிடந்த குளம் ஒரே நாளில் தெளிந்ததுபோல இருந்தது. கம்பு நேராக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிப் சரி என்று தெரியும். அப்படியானால் இடப்பக்கம் தள்ளுவது நான்தான். அண்ணன் பின்னால் நின்று பார்த்தார். அடியின் கடைசியில் நான் பிடியை இறுக்குகிறேன், மணிக்கட்டு உள்பக்கம் திரும்புகிறது என்றார். “குருவிக்குஞ்சப் பிடிக்கியதுபோல பிடி. பறக்கவும் கூடாது, சாவவும் கூடாது.” அடுத்த இரண்டு வாரத்தில் தவறல் 38, இடமும் வலமும் ஏறத்தாழ சமம்.

பாலைப் பக்கவாட்டில் அடித்துச் சுழல வைக்கும் அடிகளிலும் இதே கதைதான். வலப்பக்கம் அடித்தால் வெள்ளைப் பால் கொஞ்சம் இடப்பக்கம் விலகித்தான் கிளம்பும். எவ்வளவு விலகும் என்பது கம்புக்குக் கம்பு மாறும், முனைப்பகுதி கனத்தால் விலகல் கூடும். இந்த விலகலைக் குறைப்பதற்கென்றே விலை கூடிய கம்புகள் செய்கிறார்கள். எனக்கு அது குறைய வேண்டிய அவசியம் இல்லை, மாறாமல் இருந்தால் போதும். இரண்டு மாதத்தில் கண் அதற்குப் பழகிவிட்டது. தினம் ஒரு கம்பு எடுத்திருந்தால் இரண்டு வருடம் ஆனாலும் பழகியிருக்காது.

இனி மழை. கம்பை ஒருபோதும் பூட்டியபடி வைப்பதில்லை, சுவரில் சாத்துவதும் இல்லை. கழற்றி, உறையில் போட்டு, மர அலமாரியின் நடுத்தட்டில் படுக்க வைக்கிறேன். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மழை நாளில் பைக்கில் போனால் உறைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால் மழையைவிட மோசம், சூட்டில் பசையும் இளகும் மரமும் முறுக்கும். ஆடி முடித்ததும் காய்ந்த துணியால் முன்பாகத்தைத் துடைக்கிறேன். எங்கள் ஊர் வேர்வைக்குக் கம்பு ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கும். வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. சிலர் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள், அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடவையும் மரம் குறையும், ஒரு வருடத்தில் முனை மெலிந்துபோகும். கம்பு வழுக்கி ஓடக் கையில் முகப்பவுடர் போடுவதையும் நான் விட்டுவிட்டேன், மேசைத் துணி பாழாகிறது, அண்ணனுக்குத்தான் வேலை. இடக்கைக்கு மூன்று விரல் கையுறை ஒன்று வாங்கிக்கொண்டேன், அது நல்லது.

எவ்வளவு நாள் ஆடிய பிறகு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். இரண்டு மூன்று மாதமாவது கிளப் கம்பில் ஆடுங்கள். அதற்கு முன்னால் கைக்கு எது பிடிக்கும் என்று தெரியாது, அளக்கவும் ஒன்றும் இருக்காது. பிரேக்குக்குத் தனிக் கம்பு இப்போதைக்கு வேண்டாம். நான் பிரேக்குக்கு கிளப் கம்பைத்தான் எடுக்கிறேன், என் டிப் பிழைத்துக்கொள்கிறது. மூட்டுத் திருகு எந்த அளவு என்று மட்டும் வாங்கும்போது கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு முன்பாகம் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் அந்த அளவு தெரியாமல் முடியாது.

குளச்சல் கம்பு என்னிடம் வந்தும் இப்போது மூன்று மழைக்காலம் ஆகிறது. போன ஐப்பசி முடிந்ததும் ஆசாரி மாமாவிடம் கொண்டுபோனேன். ஒரு கண்ணை மூடி, உருட்டி, “கொள்ளாம், நல்லாருக்கு” என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார்.

ஒண்ணாம் நம்பர் கம்புக்கு இன்றும் போட்டிதான். 6.30க்கு நான் போகும்போது பாலிடெக்னிக் பையன் ஒருவன் பெரும்பாலும் அதை வைத்திருப்பான். போன வாரம் என் பக்கத்தில் வந்து, “அண்ணா, இது எத்தன அவுன்ஸ்?” என்று கேட்டான். 19, கிராமில் 538 என்றேன். போனை எடுத்துக் குறித்துக்கொண்டான்.